கல் மேல் ஏறும் டயர், கல்லை விழுங்கும் டயர்

“சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் டயரில் காற்றைக் குறைத்துக்கொள்கிறார்களே, ஏன்? டயர் கல் மாதிரி இருந்தால்தானே வண்டி லேசாக உருளும்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சைக்கிள் கடையில் கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்துவிட்டு, “இன்னும் ரெண்டு அடி அடிங்கண்ணே” என்று சொல்லிப் பழகிய யாருக்கும் வரக்கூடிய சந்தேகம்தான். வழவழப்பான தார்ச்சாலையில் அந்தப் பழக்கம் ஓரளவு சரி. சரளையில் அது காலுக்குத்தான் கேடு.

இதைப் புரிந்துகொள்ள ஏற்ற ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், மிசௌரி ஆற்றங்கரையில் இருக்கும் ரோச்போர்ட். ஏறத்தாழ 200 பேர் வசிக்கும் சின்னஞ்சிறு ஊர். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் செங்குத்தான சுண்ணாம்புக்கல் பாறைகள், நடுவில் 1986-இல் ரயில் நின்றுபோன பழைய தடம். 1990-இல் அந்தத் தடத்தின் முதல் பகுதி சைக்கிள் பாதையாகத் திறக்கப்பட்டது இந்த ஊரில்தான். இன்று கேட்டி டிரெயில் என்ற பெயரில் அது 380 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. ஊருக்குப் பக்கத்தில் 1893-இல் கட்டிய 243 அடி நீள ரயில் குகை அப்படியே இருக்கிறது, சைக்கிள் அதற்குள் நுழைந்துதான் வெளியே வருகிறது.

ரயில் செங்குத்தாக ஏறாது. அதனால் பாதையில் சொல்லிக்கொள்ளும்படி ஏற்றமும் கிடையாது. மிதிக்கிற சக்தியைத் தின்ன மிஞ்சி இருப்பவை இரண்டே: முகத்தில் அடிக்கும் காற்று, டயருக்கும் தரைக்கும் நடக்கும் இழுபறி. ஆகவே டயர் சரியில்லையென்றால் இங்கே உடனே காலில் தெரிந்துவிடும்.

நம்மூரில் கிராவல் என்றால் செம்மண் சரளை. இங்கே போட்டிருப்பது நொறுக்கிய சுண்ணாம்புக்கல், அதன் தூளோடு சேர்த்து. தூளைச் சலித்து எடுத்துவிட்டால் பாதை நிற்காது. நொறுக்கிய கல்லுக்கு மூலைகள் உண்டு, அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். இடுக்குகளில் தூள் புகுந்து, மழையில் நனைந்து, ரோலர் ஏறி இறுகும்போது லேசான காரை மாதிரி பிடிக்கும். ஆற்றுக் கூழாங்கல்லைக் கொட்டினால் எத்தனை ரோலர் ஓட்டினாலும் இந்தப் பிடிப்பு வராது, உருண்டுகொண்டே இருக்கும். ஆனால் இறுகிய பாதையிலும் மேலே 4, 5 மில்லிமீட்டர் கற்கள் துருத்திக்கொண்டுதான் இருக்கும். டயர் சந்திப்பது அவற்றைத்தான்.

இப்போது ஒரே ஒரு கல்லின் பக்கத்தில் குனிந்து பார்ப்போம்.

உயரம் 5 மில்லிமீட்டர். டயர் 80 பாயிண்ட் காற்றோடு விறைப்பாக வருகிறது. கல் அமுங்காது, டயரும் அமுங்காது. சக்கரம் கல் மேல் ஏறித்தான் ஆக வேண்டும். அதோடு சேர்ந்து சைக்கிள், அதன் மேல் இருக்கிற ஆள், எல்லாமே 5 மில்லிமீட்டர் மேலே போக வேண்டும். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்று வையுங்கள். முன் சக்கரமும் பின் சக்கரமும் அந்தக் கல்லை ஏறிக் கடக்க ஆகும் ஆற்றல் 85 × 9.8 × 0.005, அதாவது சுமார் 4.2 ஜூல். கேட்க அற்பம். மீட்டருக்கு ஒரு கல் இருந்து, மணிக்கு 25 கிலோமீட்டரில் போனால், நொடிக்கு ஏழு கல். கிட்டத்தட்ட 29 வாட். நிதானமாக மிதிக்கிறவர் 150 வாட் தருகிறார் என்றால், அதில் ஐந்தில் ஒரு பங்கு கல் ஏறவே போய்விடுகிறது.

“ஏறினது இறங்கும்போது திரும்பக் கிடைக்காதா?” என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி, விஷயத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. கல்லுக்கு இரண்டு சரிவு: நாம் வரும் பக்கம் ஒன்று, போகும் பக்கம் ஒன்று. முன்சரிவு சக்கரத்தைப் பின்னால் தள்ளுகிறது. பின்சரிவு முன்னால் தள்ள வேண்டும். ஆனால் விறைத்த டயர் கல்லின் உச்சியில் பட்டதும் துள்ளிவிடுகிறது. பின்சரிவைத் தொடாமலே தாண்டி, அப்பால் தரையில் போய் விழுகிறது. கடனை வாங்கிக்கொண்ட கல், வட்டியும் தரவில்லை, அசலும் தரவில்லை. விழுந்த அதிர்ச்சி கைப்பிடி வழியாகவும் சீட் வழியாகவும் உடம்புக்குள் ஏறுகிறது. தசையும் கொழுப்பும் குலுங்கி, உள்ளுக்குள் உரசி, எல்லாவற்றையும் வெப்பமாக்கிவிடும். வழியெல்லாம் உள்ளங்கை மரத்துப்போவது அந்த ஆற்றல் வீணாகும் அடையாளம்.

அதே கல், அதே ஆள். 40 மில்லிமீட்டர் அகல டயர், 32 பாயிண்ட் காற்று. இப்போது கல் டயருக்குள் புதைகிறது. ரப்பர் கல்லைச் சுற்றி உள்வாங்கிக்கொள்கிறது, சக்கரத்தின் அச்சு ஏறக்குறைய அதே உயரத்தில் போகிறது. டயர் 4 மில்லிமீட்டரை விழுங்கிவிட்டால் மீதி ஏற வேண்டியது 1 மில்லிமீட்டர், கணக்கில் 6 வாட். உள்வாங்கிய ரப்பர் கல்லை விட்டு விலகும் கடைசிக் கணம் வரை அதன் பின்சரிவோடு ஒட்டியே இருக்கிறது. உள்ளே அழுத்தப்பட்ட காற்று அந்தச் சரிவில் டயரை அமுக்கி, வண்டியை முன்னால் தள்ளுகிறது. வாங்கியதில் பெரும்பகுதி கல்லைத் தாண்டுவதற்குள்ளேயே திரும்பி வந்துவிடும். காற்றைப் போல நாணயமான ஸ்பிரிங் கிடையாது. அமுக்கினதைக் கிட்டத்தட்ட முழுசாகக் கொடுத்துவிடும். கொஞ்சம் கமிஷன் எடுப்பது ரப்பரும் அதற்குள் இருக்கும் நூலும்தான், ஒவ்வொரு முறை மடங்கும்போதும் சூடாகி.

இழப்பு ஆக இரண்டு வகை. காற்று குறையக் குறைய ரப்பர் மடங்கும் இழப்பு கூடும். காற்று கூடக் கூட உடம்பு குலுங்கும் இழப்பு கூடும். வழவழப்பான உருளை மேல் டயரை ஓட்டி ஆய்வகத்தில் அளந்தவர்கள் முதலாவதை மட்டும்தான் பார்த்தார்கள். ஏனென்றால் அங்கே கல்லும் இல்லை, குலுங்க ஆளும் இல்லை. அந்த ஒற்றைக்கண் அளவை நம்பி, தொழில்முறைப் பந்தய வீரர்கள்கூடப் பல பத்தாண்டுகள் 20, 23 மில்லிமீட்டர் டயரில் விறைக்க விறைக்கக் காற்றடித்து ஓட்டினார்கள். வெடவெடவென்று அதிர்ந்தால் வேகமாகப் போகிறோம் என்று உடம்பு நம்பிவிடுகிறது. கடிகாரமோ வேறு மாதிரி சொல்லும். 1887-இல் பெல்பாஸ்ட்டில் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றுக் குழாய் சுற்றிய சக்கரத்தையும் கெட்டி ரப்பர் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிப் பார்த்தபோது, தூரம் ஓடியது காற்றுச் சக்கரம்தான். ஆய்வக உருளையில் இல்லாமல் நிஜத் தரையில் சோதித்ததால் அவருக்குச் சரியான விடை கிடைத்தது.

சரி, எத்தனை பாயிண்ட்? மேலே சொன்ன 85 கிலோவுக்கு, டியூப் இல்லாத 40 மில்லிமீட்டர் டயரில் பின்னால் 33, முன்னால் 30-இல் தொடங்கலாம். பின் சக்கரம்தான் கூடுதல் எடை சுமக்கிறது. ஓட்டிப் பார்த்து இரண்டிரண்டாகக் குறையுங்கள். கல்லில் ரிம் ‘டங்’கென்று இடித்தாலோ, வளைவில் டயர் பக்கவாட்டில் நெளிந்தாலோ அளவைத் தாண்டிவிட்டீர்கள், இரண்டு ஏற்றுங்கள். உள்ளே டியூப் இருந்தால் குறைந்தது ஐந்து பாயிண்ட் கூடுதலாக வேண்டும். இல்லையென்றால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்தது போல இரட்டை ஓட்டை விழும். 160 வரை காட்டும் பம்பு முள் இந்தக் கீழ் அளவுகளில் சரியாகச் சொல்லாது, குறைந்த அழுத்தத்துக்கென்றே இருக்கும் அளவுமானி வாங்கிக்கொள்வது நல்லது.

ஆற்றோரப் பாதையை விட்டுப் பாறை மேட்டுச் சரளைச் சாலைகளுக்கு ஏறினால் அங்கே இன்னொரு தொல்லை, குறுக்கே அலை அலையாகக் கிடக்கும் தரை. சாலை போட்டவர் குறை என்றோ லாரி ஸ்பிரிங் குறை என்றோ சொல்வார்கள். 2007-இல் டேபர்லே, மாரிஸ், மெக்எல்வைன் என்ற ஆராய்ச்சியாளர்கள் மூவர் வட்ட மேடையில் மணல் பரப்பி அதன் மேல் ஒரு சின்ன சக்கரத்தை ஓட்டிப் பார்த்தார்கள். ஸ்பிரிங்கே இல்லாத வெறும் சக்கரமும் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் அலைகளை உண்டாக்கிவிடுகிறது. அந்த வேகத்துக்குக் கீழே தரை சமமாகவே கிடக்கிறது. கல்லில் துள்ளிய அதே டயர் கதைதான், இங்கே விழுகிற இடத்தில் தரையும் குழிகிறது. மணலில் சக்கரம் உருட்டவா பணம் என்று கேட்கிறவர்கள், உலகில் எத்தனை லட்சம் கிலோமீட்டர் மண்சாலையில் மக்கள் தினம் குலுங்கிக்கொண்டு போகிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு இன்னும் தாராளமாகவே நிதி தரலாம்.

கடைசியாக, டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் சீலன்ட். பலவற்றில் இருப்பது நம் கன்னியாகுமரித் தோட்டங்களில் வெட்டி எடுக்கும் அதே ரப்பர் பால்தான், உறையாமல் இருக்க அம்மோனியா கலந்தது. ஓட்டை விழுந்ததும் காற்றோடு சேர்ந்து அங்கே பீறிட்டு வந்து, ஓரத்தில் திரண்டு அடைத்துக்கொள்ளும். 40 மில்லிமீட்டர் டயருக்குச் சக்கரத்துக்கு 60 மில்லிலிட்டர் போதும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். சளசளவென்று சத்தம் வரவில்லையென்றால் பால் உள்ளேயே காய்ந்து தோலாகிவிட்டது. தோலை உரித்து எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும்.