கொல்லைப்புற விளக்கு: வெளிச்சம் கூடினால் பார்வை கூடுமா?

வீட்டின் பின்புறத்துக்கு ஃபிளட் லைட் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை வாட்ஸ் போடலாம்?" என்றுதான். வாட்ஸ் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரத்தின் கணக்கு. அது தரும் ஒளியை அளப்பது லூமென். பழைய ஹாலஜன் விளக்கு ஒரு வாட்டுக்கு 20 லூமென் அளவில் தந்தது; இன்றைய நல்ல எல்.இ.டி. 100-க்கு மேல் தருகிறது. பழைய பழக்கத்தில் 100 வாட்ஸ் எல்.இ.டி. வாங்கினால், 500 வாட்ஸ் ஹாலஜனை மாட்டியதற்குச் சமம். வீட்டுத் தோட்டத்துக்கு அது தேவையே இல்லை.

எவ்வளவுதான் தேவை? ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் சீராக விழுந்தால் அது ஒரு லக்ஸ். 50 சதுர மீட்டர் இடத்தில் 1000 லூமென் விழுந்தால் 20 லக்ஸ். அதில் பாதி சுவரிலும் செடியிலும் போய்விட்டாலும் 10 லக்ஸ் மிஞ்சும். பௌர்ணமி நிலவில் தரைக்கு வருவது ஏறக்குறைய கால் லக்ஸ்தான், அந்த வெளிச்சத்திலேயே பாதை நமக்குத் தெரிகிறது. படியின் விளிம்பு தெரிய, பூச்சி பொட்டு கிடந்தால் கண்ணில் பட, 10 லக்ஸ் தாராளம். 10 முதல் 15 வாட்ஸ் எல்.இ.டி. ஒன்றோ இரண்டோ போதும் என்பது இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான்.

அப்படியானால் 50 வாட்ஸ் மாட்டியும் "மூலையில் ஒன்றுமே தெரியவில்லை" என்று ஏன் பலர் சொல்கிறார்கள்? காரணம் கண்ணுக்குள் இருக்கிறது. இருட்டுக்குப் போனதும் கண்மணி விரிகிறது, அது நொடிகளில் நடந்துவிடும். ஆனால் மங்கிய ஒளியில் பார்க்க உதவும் விழித்திரைச் செல்கள் முழுத்திறனுக்கு வர 20 முதல் 30 நிமிடம் ஆகும். பளிச்சென்ற விளக்கு ஒன்று பார்வையில் பட்டால் கண்மணி சுருங்கிவிடுகிறது, அந்தச் செல்களும் திறனை இழக்கின்றன. அதோடு அந்த ஒளி விழிக்குள்ளேயே சிதறி, விழித்திரை முழுவதும் ஒரு வெண்திரைபோலப் படர்கிறது. கண்கூச்சம் என்கிறோமே, அது இதுதான். வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் தெளிவை இழப்பதால் இந்தச் சிதறலும் கூடுகிறது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பெரிய விளக்கு போடுவதைவிடக் கூசாத விளக்கு போடுவதே அவர்களுக்குச் செய்யும் உதவி.

ஏற்கெனவே மாட்டிய விளக்கு எப்படி என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. இரவில் தோட்டத்தின் கடைசியில் நின்று வீட்டைப் பாருங்கள். உள்ளங்கையை நீட்டி விளக்கை மட்டும் மறையுங்கள். அதுவரை தெரியாத கதவு, ஜன்னல், அருகில் நிற்கும் ஆள் எல்லாம் சட்டென்று தெரிந்தால், அந்த விளக்கு காட்டுவதைவிட மறைப்பதே அதிகம். பாதுகாப்புக்காகப் போடும் விளக்கில் இதைவிடப் பெரிய குறை வேறு என்ன இருக்க முடியும்?

சரி, சரிசெய்வது எப்படி? கோணத்தால். ஃபிளட் லைட்டை நேர் எதிரே பார்க்கும்படி மாட்டினால் அதன் ஒளியில் பாதி தொடுவானத்துக்கு மேலே, அதாவது வானத்துக்கும் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் போகிறது. முகத்தை நன்றாகத் தரையை நோக்கிச் சாய்க்க வேண்டும். மேல்விளிம்பில் சிறு தகடு மறைப்பு இருந்தால் இன்னும் நல்லது. ஒளி விரியும் கோணத்தையும் பெட்டியில் பாருங்கள். பெரும்பாலானவை 120 பாகை. அதே லூமென் 60 பாகைக்குள் அடங்கினால் நடுப்பகுதி ஏறக்குறைய நான்கு மடங்கு பிரகாசமாகும். வீட்டை ஒட்டிய முற்றத்துக்கு அகலக் கோணம், தள்ளியிருக்கும் ஒற்றைக் கதவுக்குக் குறுகிய கோணம். ஒரே பெரிய விளக்கு கரிய நிழல்களை உண்டாக்கும். இரண்டு சிறியவற்றை வெவ்வேறு பக்கங்களில் வைத்தால் ஒன்றின் நிழலை மற்றொன்று நிரப்பும்.

நிறத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: 3000 கெல்வின் அல்லது அதற்கும் குறைவு, அதாவது மஞ்சள் கலந்த வார்ம் வொயிட். கெல்வின் எண் கூடக்கூட வெளிச்சம் நீலச் சாயலுக்குப் போகும். வெள்ளை எல்.இ.டி. உண்மையில் ஒரு நீலச் சில்லு. அதன்மேல் பூசிய பாஸ்பர் நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. 6500 கெல்வின் விளக்கில் நீலம் அதிகம் தப்பி வருகிறது. பல பூச்சிகளை அதிகம் இழுப்பது அந்த நீலம்தான். காற்றில் அதிகம் சிதறுவதும், உறக்கத்துக்கான மெலடோனின் சுரப்பைக் கெடுப்பதும் அதுவே.

வெளியில் மாட்டுவது என்பதால் ஐபி எண் முக்கியம். ஐபி 65-இல் 6 என்றால் தூசி புகாது, 5 என்றால் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும். ஐபி 44 தெறிப்பை மட்டும் தாங்கும், ஆழமான கூரைக்கு அடியில் என்றால் போதும். எல்.இ.டி.யின் வெப்பம் முதுகுப்புறமாக வெளியேறுவதால், பின்னால் கனமான அலுமினிய விசிறிமடிப்புகள் உள்ளதை எடுங்கள். இலேசான விளக்கு சூட்டில் சீக்கிரம் மங்கும்.

எப்போதும் எரியவிடாமல், ஆள் நடமாட்டத்தை உணர்ந்து விளக்கைப் போடும் பி.ஐ.ஆர். சென்சார் வைத்ததை வாங்கினால் இருட்டும் மிஞ்சும், மின்சாரமும் மிஞ்சும். நம் உடல் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரை இது உணர்கிறது. சென்சாரின் முன்னுள்ள பிளாஸ்டிக் லென்ஸ் எதிரேயுள்ள இடத்தை விசிறிபோலப் பல கீற்றுகளாகப் பிரிக்கிறது. சூடான உடல் ஒரு கீற்றிலிருந்து அடுத்த கீற்றுக்குத் தாண்டும்போதுதான் விளக்கு எரியும். அதனால் குறுக்கே நடப்பவரை உடனே பிடிக்கும், நேரே சென்சாரை நோக்கி வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். பாதைக்குப் பக்கவாட்டில் மாட்டுங்கள். ஏசியின் வெளிப்பெட்டியை நோக்கி வைக்காதீர்கள், சூடான காற்று வீசும்போதெல்லாம் எரியும். சுற்றுப்புற வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும் புழுக்கமான இரவுகளில் அது உணரும் தூரம் குறையும். அப்போது அடியில் உள்ள உணர்திறன் திருகைக் கொஞ்சம் கூட்டிவைத்து, யாரையாவது நடக்கச் சொல்லி எங்கே எரிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.