ஒன்பது தந்தி பேஸ் கிட்டார்: செய்யச் சொல்லும் முன் முடிவு செய்ய வேண்டியவை

சிறு பட்டறைகளில் ஏழு, ஒன்பது, பதினொரு தந்தி பேஸ் கிட்டார் செய்யச் சொல்பவர்கள் மரத்தையும் நிறத்தையும் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். முதலில் முடிவாக வேண்டியது வேறு. சுருதியில் மிகக் கீழான தந்தியும் மிக மேலான தந்தியும் எந்தச் சுரம், எவ்வளவு தடிமன்? நெக் (கிட்டாரின் கழுத்து), பிரிட்ஜ் (உடலில் தந்திகளைத் தாங்கும் பாகம்), டியூனர் (சுருதித் திருகு), ஸ்கேல் நீளம் (தந்தியில் அதிரும் பகுதியின் நீளம்) எல்லாம் இதைப் பொறுத்துத்தான் அமையும்.

வகையையும் தெளிவாக எழுதிக்கொடுங்கள். ‘எட்டு தந்தி’ என்றால் சேர்த்து அழுத்தி ஒரே தந்திபோல் வாசிக்கும் நான்கு ஜோடியாகவும் இருக்கலாம், எட்டும் தனித்தனிச் சுருதியாகவும் இருக்கலாம். சீப் ட்ரிக் என்ற அமெரிக்க ராக் குழுவின் டாம் பீட்டர்சனுக்கு ஹேமர் கிட்டார் நிறுவனம் செய்த பன்னிரண்டு தந்தி பேஸ் முதல் வகை. மூன்று மூன்றாக நான்கு கூட்டம். அமெரிக்க பேஸ் கலைஞர் ஆந்தனி ஜாக்சனின் ஆறு தந்தி பேஸ் இரண்டாம் வகை. இங்கே சொல்வது இரண்டாம் வகைக்கு.

வழக்கமான பேஸின் கீழ்த்தந்தி E, 41 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே B, 31 ஹெர்ட்ஸ். அதற்கும் கீழே F# கேட்டால் 23 ஹெர்ட்ஸ். 34 அங்குல ஸ்கேலில் அது தொய்ந்து, ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டியில்) மோதிக் கரகரக்கும். இழுவிசை ஸ்கேல் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், அதே தந்தியை 37 அங்குலத்தில் கட்டினால் 18 சதவீதம் கூடுதல் இறுக்கம் கிடைக்கும். ஆனால் மேல்முனையில் அதே நீளம் எதிரியாகிவிடும். 34 அங்குலத்தில் F (175 ஹெர்ட்ஸ்) நிம்மதியாக நிற்கும். E♭ (311 ஹெர்ட்ஸ்) எஃகு அறுந்துபோகும் எல்லையை நெருங்கிவிடும். மெல்லிய தந்தி போட்டால் தப்பிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள், தப்ப முடியாது. தந்தி மெலிந்தால் இழுவிசை எவ்வளவு குறைகிறதோ, அதைத் தாங்கும் பரப்பும் அவ்வளவே குறைகிறது. நீளத்தைக் குறைப்பதுதான் வழி. ஃப்ரெட்டுகளை விசிறிபோல் சாய்த்துப் பதித்து, கீழ்த்தந்திக்கு 37, மேல்தந்திக்கு 30 அங்குலம் என்று பிரிப்பது இதற்காகத்தான்.

0.175 அங்குல F# தந்தி ஏறக்குறைய 4.4 மி.மீ. தடிமன். நட்டின் (நெக்கின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் துண்டின்) பள்ளம், பிரிட்ஜின் துளை, டியூனர் தண்டின் துளை மூன்றும் இதை ஏற்க வேண்டும். அதைவிட அடிக்கடி வரும் தொல்லை: தடித்த தந்தி விறைப்பானது. அதன் சுருதி சரியாக விழ, சேடில் (பிரிட்ஜில் தந்தி அமரும் நகரும் துண்டு) மற்றவற்றைவிடப் பின்னே போக வேண்டும். பிரிட்ஜில் அந்த இடம் இருக்காது. சேடில் மேல் படும் பகுதியில் மட்டும் மெலிந்த தந்தி வாங்கினால் ஓரளவு சரியாகும். தந்திகளை முதலில் வாங்கிப் பட்டறைக்குக் கொடுத்துவிட்டு, அவற்றை வைத்தே துளை போடச் சொல்லுங்கள். நெக் முடிந்த பிறகு தந்தி தேடுவது தலைகீழ் வேலை.

ஒரு தந்தி சராசரியாக 16 முதல் 20 கிலோ இழுக்கும். ஒன்பது என்றால் 144 முதல் 180 கிலோ. பல மரத்துண்டுகளை ஒட்டிய நெக், இரு டிரஸ் ராட் (நெக்கின் வளைவைத் திருத்த உள்ளே வைக்கும் உலோகக் கம்பி), கூடவே கார்பன் கம்பிகள் தேவை. நடுவில் ஒரே ராட் இருந்தால் வளைவைத்தான் திருத்தலாம், முறுக்கலைத் திருத்த முடியாது. கருவி வந்ததும் தந்திகளைச் சுருதியில் ஏற்றி இரண்டு வாரம் விட்டுவிட்டு அளந்து பாருங்கள். இரு ஓரத் தந்திகளையும் ஒவ்வொன்றாக முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாம் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.3 மி.மீ. அளவு சரி. தடித்த தந்தி அகலமாக அதிர்வதால் அந்தப் பக்கம் 0.1 கூடலாம். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. உத்தரவாதக் காலத்துக்குள் திருப்பி அனுப்புங்கள்.

தந்திகளுக்கு இடையே பிரிட்ஜில் 19 மி.மீ. கேட்டால் ஒன்பது தந்திக்கு 152 மி.மீ. விரியும். 16 என்றால் 128. நெக்கும் அதற்கேற்ப அகலும். இடக்கை எட்டுமா என்பதை அட்டையில் வெட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒலிபெருக்கி. சாதாரண பேஸ் கேபினெட் (ஒலிபெருக்கிப் பெட்டி) 23 ஹெர்ட்ஸைத் தராது. 46, 69 ஹெர்ட்ஸ் மேற்சுரங்களிலிருந்து காதுதான் கீழ்ச்சுரத்தை உணர்கிறது. எனவே 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டரைப் போடுங்கள். கேட்காத அதிர்வுக்காக ஒலிபெருக்கியின் கோன் (கூம்பு) வீணாக ஆடிக் கிழிவது அதனால் நிற்கும்.