நங்கூரமும் கல்லும்

'நங்கூரம்' தமிழ்ச் சொல்தானா என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் ஆமாம் என்பார்கள். உள்ளே 'கூர்' தெரிகிறது, நங்கூரத்துக்கும் கூர்முனை இருக்கிறது, அப்புறம் என்ன? ஆனால் பழைய வடிவம் 'நங்குரம்'. குறில்தான். அதில் கூர் கிடையாது. நீட்டிச் சொல்லிச் சொல்லி நாம்தான் கூரை உள்ளே கொண்டுவந்தோம்.

மூலம் பாரசீகத்தின் 'லங்கர்'. தெலுங்கில் லங்கரு, கன்னடத்தில் லங்கரு, இந்தியில் லங்கர், மலையாளத்தில் நம்மைப் போலவே நங்கூரம். குருத்வாராக்களில் எல்லோருக்கும் சோறு போடும் 'லங்கர்' கூட இதே சொல்தான். தமிழ் மரபில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது. அதனால் லங்கா என்பதற்கு முன்னால் இகரம் சேர்த்து இலங்கை ஆக்கினோம். லங்கருக்கோ லகரத்தையே நகரமாக மாற்றிக்கொண்டோம்.

சரி, அதற்கு முன் நம்மவர்கள் எதைப் போட்டுப் படகை நிறுத்தினார்கள்? கல்லைத்தான். மதுரைக்காஞ்சியில் புயலில் சிக்கிய நாவாய் ஒன்று வருகிறது. கயிறு அறுந்து, பாய்மரம் அடியோடு முறிந்து, 'கல்பொரு துரைஇ', அதாவது கல்லோடு மோதி அலைந்து, சுழியில் அகப்பட்டுக்கொள்கிறது. அந்தக் கல்லுக்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் தரும் பொருள் 'நங்குரக்கல்'. பாட்டில் வெறும் கல்லாக இருந்தது உரைக்கு வரும்போது வந்த சொல்லோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த கூட்டுச்சொல் இது.

ஏனென்றால் படகை நிறுத்த இரண்டே வழிதான்: கனம், பிடி. 'கல்' கனத்தைச் சொல்கிறது. ஆங்கிலத்து 'ஆங்கர்' பிறந்த கிரேக்கச் சொல்லுக்கு வளைந்தது என்று பொருள், அது பிடியைச் சொல்கிறது. சின்னப் படகுக்கு நங்கூரம் வாங்கப் போகிறவர் இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

கனத்தை மட்டும் நம்பினால் கடல் ஏமாற்றிவிடும். கரையில் 10 கிலோ இருக்கும் கருங்கல், தண்ணீருக்குள் சுமார் 6 கிலோதான். சிமெண்டும் ஜல்லியும் கலந்து டப்பாவில் வார்த்த கட்டி அதைவிடக் குறையும். இரும்பு 8½ கிலோவுக்கு மேல் நிற்கும். காற்றில்லாத நாளில் கட்டுமரத்துக்குக் கல் போதும். காற்று எழும்பினால் கல் தரையில் உருண்டுகொண்டே வரும்.

பிடி வேண்டுமென்றால் தரை என்ன தரை என்று பார்க்க வேண்டும். கட்டடக் கம்பியை வளைத்து நான்கு கொக்கிகளாக வெல்டிங் பட்டறையில் அடித்துத் தருவார்களே, அது பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத்திட்டுக்கு ஏற்றது. பாறை இடுக்கில் ஒரு கொக்கி மாட்டினாலே படகு நின்றுவிடும். மெல்லிய கம்பியாக இருந்தால் இழுக்கிற இழுப்பில் கொக்கி நிமிர்ந்து கையோடு வந்துவிடும், அதிலும் ஒரு நன்மை உண்டு: நங்கூரம் பாறையிலேயே மாட்டிக்கொண்டு போகாது. மணலிலும் சேற்றிலும் இது கோடு கீறிக்கொண்டு இழுபடும். அங்கே அகன்ற தகடு வேண்டும், மண்வெட்டி போலப் புதைவதற்கு.

தகடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கயிறு குறைந்தால் புதையாது. மேல்நோக்கி இழுத்தால் நங்கூரம் பிடுங்கிக்கொள்ளும், தரையோடு தரையாக இழுத்தால்தான் உள்ளே இறங்கும். 10 பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்துக்கு அமைதியான கடலில் 30 பாகமாவது கயிறு விட வேண்டும், காற்றில் 50 பாகமும் அதற்கு மேலும். நங்கூரத்தை ஒட்டி இரண்டு மூன்று மீட்டர் சங்கிலி இருந்தால் இன்னும் நல்லது. அது தரையில் படிந்து இழுப்பைத் தாழ்த்தும், பாறையில் உரசிக் கயிறு அறுவதும் குறையும்.

பாரில் போடுகிறவர்கள் கயிற்றை நங்கூரத்தின் அடியில், கொக்கிகள் சேருமிடத்தில் கட்டுவார்கள். அங்கிருந்து தண்டு வழியே மேலே கொண்டுவந்து, தலை வளையத்தில் மெல்லிய நூலால் ஒரு கட்டு. நங்கூரம் சிக்கிக்கொண்டால் படகை நேர் மேலே கொண்டுவந்து ஓங்கி இழுப்பார்கள். நூல் அறும், நங்கூரம் தலைகீழாகப் புரண்டு பின்பக்கமாக வெளியே வந்துவிடும். நங்கூரம் பிழைக்கிறது, நூல் மட்டும்தான் செலவு.

சரியான தமிழ்ச் சொல் எது என்றால், என் கணக்கில் கல்லுக்குக் கல், கொக்கியும் தகடும் உள்ளதற்கு நங்கூரம். வந்த சொல்தான், ஆனாலும் நம் எழுத்துமரபுக்கு வளைந்து, பல நூற்றாண்டாக நம்மோடு புழங்குகிறது. அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை மேசையில் உட்கார்ந்து ஆக்க வேண்டியதில்லை. விட வேண்டியது 'ஆங்கர் பண்ணினார்கள்' என்பதைத்தான். அதற்கு நங்கூரம் பாய்ச்சினார்கள், நங்கூரமிட்டார்கள், நங்கூரம் போட்டார்கள் என்று மூன்று வினை கையில் இருக்கிறது. புறப்படும்போது நங்கூரம் தூக்குவார்கள்.