ஆதென்டிசிட்டி: நிறுவன மொழியில் ஒரு சொல்லும் அதற்கான தமிழும்

விளம்பரம், மனிதவளம், வணிகத் தொடர்பு ஆகிய துறைகளில் இன்று அளவுக்கு மீறிப் புழங்கும் சொற்களுள் ஒன்று ஆதென்டிசிட்டி. அமெரிக்க அகராதி நிறுவனமான மெரியம்-வெப்ஸ்டர், 2023ஆம் ஆண்டின் சொல்லாக இதன் பெயரடை வடிவமாகிய ஆதென்டிக் என்பதையே தேர்ந்தெடுத்தது. தமிழில் இதை நம்பகத்தன்மை, உண்மைத்தன்மை, நேர்மை, அசல்தன்மை என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். ஒன்றுக்கு மற்றொன்றை இட்டாலும் பொருள் கெடாது என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலும் அவ்வாறு எழுதப்படுகிறது. ஆனால் பொருள் கெடுகிறது என்பதும், எங்கே கெடுகிறது என்பதும் சொல்லின் வேரைத் தேடிச் சென்றால் தெளிவாகும்.

வேர் கிரேக்க மொழியில் உள்ளது. அதில் ஔதென்டெஸ் என்றால் ஒரு செயலைத் தன் கையால் செய்தவர் என்று பொருள். ‘தான்’ என்னும் பொருள் தரும் ஔடோஸ் என்பது அதன் முன்பகுதி. செய்தவர் என்ற அந்த ஒரே பொருளிலிருந்து எசமானர் என்றும், வியப்புக்குரிய வகையில் கொலையாளி என்றும் இரு கிளைகள் பிரிந்தன. எசமானர் என்ற கிளைதான் துருக்கி மொழிக்குச் சென்று எஃபெண்டி என்ற மரியாதைச் சொல்லாயிற்று. நல்லதோ கெட்டதோ, செய்தவர் இன்னார் என்று சுட்ட முடிவதே அச்சொல்லின் உயிர். நல்ல குணம் என்ற பொருள் அதில் தொடக்கத்தில் இல்லவே இல்லை. இலத்தீனுக்கு வந்தபோது அது ஆவணங்களைச் சார்ந்த சொல்லானது: எழுதியவரின் கைப்பட உள்ள மூலம் ஔதென்டிகம், பார்த்தெழுதியது அதன் படி. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் 14ஆம் நூற்றாண்டளவில் நுழைந்தபோதும், ஏற்கத்தக்க அதிகாரமுள்ளது என்பதே அதன் முதற்பொருளாக இருந்தது.

மூலமும் படியும் என்ற இந்தப் பாகுபாடு தமிழுக்குப் புதிதன்று. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் சுந்தரரைத் தடுத்தாட்கொள்ளும் பகுதி, பக்தியை ஒரு கணம் ஒதுக்கிவைத்துப் படித்தால், ஓர் ஆவணத்தின் மெய்ம்மையைச் சோதிக்கும் வழக்கு விசாரணையாகவே நடக்கிறது. முதியவர் வடிவில் மணப்பந்தலுக்கு வந்த சிவன், சுந்தரர் தமக்கு அடிமை என்று அவருடைய பாட்டனார் எழுதித்தந்ததாகக் காட்டிய ஓலையைச் சுந்தரர் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையினர் முதியவரிடம், ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டும்படி கேட்கின்றனர். கிழிபட்டது படியோலைதான், மூல ஓலை தம்மிடம் உள்ளது என்று அவர் அதை எடுத்துக் கொடுக்கிறார். அவ்வோலை ‘இதற்கு இவை என் எழுத்து’ என்று முடிகிறது. அவையினர் அதோடும் விடவில்லை; காப்பிலிருந்து சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, இரண்டின் எழுத்தையும் ஒப்புநோக்கிய பிறகே தீர்ப்புச் சொல்கின்றனர். சோழர் காலக் கல்வெட்டுகளிலும் ‘இவை இன்னார் எழுத்து’ என்றே கையொப்பங்கள் அமைந்திருக்கின்றன. தன் கையால் செய்தவர் என்ற கிரேக்கப் பொருளுக்கு இதைவிட நெருக்கமான தமிழ்த் தொடரை நான் கண்டதில்லை.

ஆவணத்துக்கு உரிய இச்சொல் மனிதருக்கு ஏறியது பிற்காலத்தில்தான். ஊர் சொல்வதற்காக வாழாமல் தனக்கு உரியதை வாழ்தல் என்ற பொருளை அதற்கு ஏற்றியவர்கள் ஐரோப்பியச் சிந்தனையாளர்கள். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஹைடெகர் 1927இல் கையாண்ட ஐகென்ட்லிஷ்கைட் என்ற சொல், அம்மொழியில் ‘சொந்த’ என்று பொருள்படும் ஐகென் என்பதிலிருந்து பிறந்தது. ஆங்கிலத்தில் அதை ஆதென்டிசிட்டி என்றே மொழிபெயர்த்தனர். மனிதரிடமிருந்து நிறுவனத்துக்கு அடுத்த தாவல் நிகழ்ந்தது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. நிறுவனம் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள். சொத்து வாங்கலாம், வழக்குத் தொடுக்கலாம். ஆனால் அதற்குக் கையும் இல்லை, ‘என் எழுத்து’ என்று சொல்ல ஒரு ‘நான்’ என்பதும் இல்லை.

நிறுவன அடையாளம் என்ற கருத்து இந்தக் குறையை வடிவமைப்பால் நிரப்ப முயன்றது. ஜெர்மனியின் ஏ.இ.ஜி. மின்சார நிறுவனம் 1907இல் பீட்டர் பேரென்ஸ் என்ற கலைஞரை ஆலோசகராக அமர்த்தி, முத்திரை, எழுத்துரு, விளக்கு, கெண்டி, தொழிற்சாலைக் கட்டடம் வரை அனைத்தையும் ஒரே பார்வையில் அமைக்கச் செய்ததை இத்துறையின் தொடக்கமாகக் கொள்வர். அடையாளத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிய ஐடென்டிட்டிக்கு அடியாக நிற்கும் இலத்தீன் சொல்லின் பொருள் ‘அதுவே’ என்பது. எல்லாக் கிளைகளிலும் ஒன்றுபோல் தோன்றுதல் அதன் இலக்கு. எனவே அடையாளத்தை மெய்ம்மையின் இன்னொரு பெயராகக் கருதுவது தவறு. நூறு கிளைகளிலும் ஒரே நீலநிறத்தில், ஒரே எழுத்துருவில், ஒரே பொய்யைச் சொல்லவும் அடையாளக் கையேடு உதவும்.

இதற்கு இந்தியாவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அதன் பெயரே கதையின் பாதியைச் சொல்லிவிடும். ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் பெயருக்கு வடமொழியில் உண்மை என்று பொருள். நியூயார்க் பங்குச்சந்தையிலும் பட்டியலிடப்பட்டிருந்த அந்நிறுவனம், 2008 செப்டம்பரில் நிறுவன ஆளுகைக்கான கோல்டன் பீக்காக் விருதைப் பெற்றது. அதே செப்டம்பர் 30ஆம் நாளின் இருப்புநிலைக் குறிப்பில் ரொக்கமும் வங்கி இருப்புமாக 5,361 கோடி ரூபாய் காட்டப்பட்டிருந்தது. 2009 சனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், அதில் 5,040 கோடி இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். அதாவது காட்டிய நூறு ரூபாயில் 94 ரூபாய் வெறும் எண். சிறிய இடைவெளியாகத் தொடங்கியது ஆண்டுகள் செல்லச் செல்லப் பெருகியதைப் பற்றி எழுதும்போது, புலியின் மேல் ஏறிவிட்டுத் தின்னப்படாமல் இறங்கும் வழி தெரியாத நிலை அது என்றார். புலிவால் பிடித்த கதை என்று நாம் சொல்வோம்.

அக்கடிதத்தை வணிகத் தொடர்புக்கான ஒரு பாடமாகவே படிக்கலாம். அந்நிறுவனம் அதற்கு முன் வெளியிட்ட காலாண்டு அறிக்கைகளும் பத்திரிகைக் குறிப்புகளும் மொழியில் குறையற்றவை. ஆனால் அவற்றில் இருந்த எண்களுக்கு நிகழ்வுலகில் மூலம் இல்லை. மூலமே இல்லாத படிகள் அவை. சனவரி 7ஆம் நாள் கடிதத்தில்தான் ஒருவர் தன் பெயரிட்டு, இதைச் செய்தது நான் என்று எழுதினார். அதுவும் முழு மெய் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவில்லை. இயக்குநர் குழுவினர் எவருக்கும் இது தெரியாது என்றும் தாம் ஒரு ரூபாயும் எடுக்கவில்லை என்றும் அவர் அதில் கூறியிருந்தார். 2015 ஏப்ரலில் சிறப்பு நீதிமன்றம் அவரோடு சேர்த்துப் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனக் கண்டு ஏழாண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் அத்தண்டனை அடுத்த மாதமே நிறுத்திவைக்கப்பட்டது.

இவ்வளவு பெரிய மோசடியாக இருக்க வேண்டியதில்லை. அன்றாட நிறுவன மொழியிலேயே செய்தவர் காணாமற்போவதைப் பார்க்கலாம். ‘ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்’ என்ற தொடரைத் தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் வங்கி வாசலிலும் கைபேசித் திரையிலும் பலமுறை படித்திருப்பார்கள். ‘ஏற்பட்ட’ என்பது தானாக நிகழ்ந்ததைக் குறிக்கும் தன்வினை. மழை பெய்ததுபோல், சிரமம் தானே வந்து சேர்ந்தது. வருந்துவதற்கு மட்டும் ‘நாங்கள்’ வந்து நிற்கிறோம். ‘நாங்கள் ஏற்படுத்திய சிரமத்திற்கு’ என்று ஒரேயொரு விகுதியை மாற்றினால் வாக்கியம் பிறவினையாகிவிடும், செய்தவர் வெளிப்பட்டுவிடுவார். அந்த விகுதியைப் போடுவதற்குத்தான் சட்டப்பிரிவின் ஒப்புதல் கிடைப்பதில்லை. ‘சேவை பாதிக்கப்பட்டது’, ‘தவறு நேர்ந்துவிட்டது’, ‘தவிர்க்க இயலாத காரணங்களால்’ ஆகியனவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே. தலைமை அதிகாரியின் மொழியில் நெகிழ்ச்சி இருக்க வேண்டும், குறிப்புகள் நண்பரிடம் பேசுவதுபோல் அமைய வேண்டும் என்றெல்லாம் ஆதென்டிசிட்டிப் பயிற்சிகளில் சொல்லித்தருகிறார்கள். வேர்ப்பொருளை வைத்துப் பார்த்தால் அவையெல்லாம் இரண்டாம்பட்சம். வாக்கியத்தின் எழுவாய் யார் என்பதே முதற்கேள்வி.

ஃபோக்ஸ்வாகன் வழக்கில் இந்த எழுவாய் கண்முன்னே இடம் மாறியது. க்ளீன் டீசல் என்று அமெரிக்காவில் விளம்பரம் செய்து விற்ற கார்களில், புகைச் சோதனை நடப்பதை உணர்ந்து அப்போது மட்டும் மாசைக் குறைத்துக்காட்டும் மென்பொருள் பொருத்தப்பட்டிருந்ததை 2015 செப்டம்பர் 18 அன்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை வெளிப்படுத்தியது. சாலையில் ஓடும்போது நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்த அளவைவிட 40 மடங்கு வரை வெளியேறியது. உலகளவில் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அந்த மென்பொருள் இருந்தது. நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவுத் தலைவர் முதலில் ‘நாங்கள்’ தவறிழைத்தோம் என்றார். சில வாரங்களில் நாடாளுமன்றக் குழுவின் முன் அது நிறுவனத்தின் முடிவன்று, ஓரிரு மென்பொருள் பொறியாளர்களின் செயல் என்றார். 2017இல் நிறுவனமே குற்றத்தை ஒப்புக்கொண்டபோதுதான் எழுவாய் தன் இடத்துக்குத் திரும்பியது.

இதற்கு மறுதலையாக 1982ஆம் ஆண்டில் டைலெனால் என்ற வலிநிவாரணி மருந்து தொடர்பாக நடந்த நிகழ்வைச் சொல்வது வழக்கம். சிகாகோ வட்டாரத்தில் யாரோ சயனைடு கலந்துவைத்த மாத்திரைகளை உட்கொண்டு ஏழு பேர் இறந்தனர். தவறு தன்னுடையதல்லாத நிலையிலும் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. ஆயினும் அதே நிறுவனம் பிற்காலத்தில் தன் டால்கம் பவுடர் தொடர்பாகப் பல்லாயிரம் வழக்குகளை எதிர்கொண்டது. குற்றச்சாட்டுகளை அது மறுத்துவருகிறது. ஒருமுறை ஈட்டிய மெய்ம்மையை வைப்புநிதிபோல் சேமித்துவைக்க முடியாது என்பதால், டைலெனாலை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும் பயிற்சியாளர்களை நான் முழுதாக நம்புவதில்லை.

திருவெண்ணெய்நல்லூர் அவையினர் கேட்ட மூன்றும் நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஆட்சி என்பது நீண்டநாள் நடைமுறை, ஆவணம் என்பது கணக்கும் ஒப்பந்தமும், அயலார் காட்சி என்பது தணிக்கையாளர், வாடிக்கையாளர், பணியாளர் தரும் சாட்சி. அன்று மூன்றில் ஒன்றைக் கேட்டார்கள்; இன்று மூன்றும் ஒத்துவர வேண்டியிருக்கிறது. சத்யத்தின் ஆவணம் போலி, அயலார் வழங்கிய விருதோ அந்த ஆவணத்தை நம்பியது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட பசுமைப்பூச்சு (சூழலுக்கு நல்லதெனப் பொய்யாகக் காட்டும் விளம்பரம்) தடுப்பு வழிகாட்டுதல்களும் இதே திசையில் செல்கின்றன: ‘சூழலுக்கு உகந்தது’, ‘பசுமையானது’ போன்ற பொதுச்சொற்களைத் தகுந்த விளக்கமும் சரிபார்க்கத்தக்க சான்றும் இன்றி விளம்பரத்தில் எழுதக் கூடாது.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். நம்பகத்தன்மை பொருந்தாது, நம்புகிறவர் கேட்பவர், அது சொல்பவரின் பண்பன்று. 2008 செப்டம்பரில் விருது வாங்கிய சத்யத்துக்கு நம்பகத்தன்மைக்குக் குறைவிருக்கவில்லை. நேர்மை நெருங்கி வருகிறது. ஆனால் பிற நிறுவனத்தின் குரலையும் கொள்கை வாசகத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டு யாரையும் ஏமாற்றாமல் நடக்கும் நிறுவனம் நேர்மையானதாக இருந்தும் தன் எழுத்தில்லாததாகவே இருக்கும். உண்மைத்தன்மை, தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் கல்விச் சான்றிதழ் போலியில்லை என்று காட்டும் உண்மைத்தன்மைச் சான்றால் நிலைபெற்றுவிட்டது. ஆவணப் பொருளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். வாய்மை சொல்லின் பண்பு. பூம்புகார் வணிகரைப் பட்டினப்பாலை ‘வடுவஞ்சி வாய்மொழிந்து’ என்று புகழ்ந்தாலும் அதோடு நில்லாமல், வாங்கும்போது மிகையாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறையாகக் கொடாமலும் இருந்ததையும் சேர்த்தே சொல்கிறது. சொல்லையும் கையையும் ஒருங்கே குறிக்க, உடல் என்றும் உண்மை என்றும் இருபொருள் தரும் மெய் என்ற அடியிலிருந்து வந்த மெய்ம்மையே நிறுவனத் தொடர்பில் ஏற்ற சொல் என்பது என் கருத்து. இதற்கும் ஒரு தடை சொல்லலாம்: முதலாம் இராசராசன் காலந்தொட்டுச் சோழர் கல்வெட்டுகளின் தலைப்பில் அரசனின் வெற்றிகளை அடுக்கிய பகுதிக்கும் மெய்க்கீர்த்தி என்றுதான் பெயர். இன்றைய நிறுவன இணையதளங்களின் ‘எங்களைப் பற்றி’ பக்கத்துக்கு அது மூதாதை.

அசல் என்ற சொல்லைப் பண்டங்களுக்கும் உணவுக்கும் விட்டுவிடலாம். அரபு வழி வந்த அச்சொல்லுக்கு வேர் என்று பொருள். நகலுக்கு எதிராகவும், வட்டிக்கு எதிராகவும் அது நம் வணிகப் பேச்சில் ஊறிவிட்டது. அயலைக் குறிக்கும் அசலூர், அசலார் என்பவற்றில் உள்ள அசல் வேறு சொல். உணவக அட்டையில் ‘ஆதென்டிக் செட்டிநாடு’ என்று அச்சிடுவதைவிட ‘அசல் செட்டிநாடு’ என்பது சுருக்கமானது. நிறுவனத்தைப் பற்றிப் பேசும்போது ஆதென்டிக் பிராண்ட் என்பதை மெய்யான வணிகப்பெயர் என்றும், ஆதென்டிக் வாய்ஸ் என்பதைத் தன் குரல் என்றும் எழுதலாம். ஆதென்டிக் லீடர்ஷிப் என்பதற்கு மெய்ம்மைத் தலைமை என்று நேராக ஆக்கினால் விறைப்பாக ஒலிக்கிறது. ‘தன் பெயரில் பொறுப்பேற்கும் தலைமை’ என்று விரித்தெழுதுவது சற்று நீளம்தான் என்றாலும் படிப்பவருக்கு விளங்கும்.