மார்கனாட்டிக் திருமணம்: தமிழில் எப்படிச் சொல்வது?

அரச குலத்து ஆண் ஒருவன் தன் குலத்துக்கு நிகராகாத குடும்பத்துப் பெண்ணை முறைப்படி மணக்கிறான். சட்டப்படி அவள் மனைவிதான். ஆனால் அவனுடைய பட்டமும் அரியணை உரிமையும் அவளுக்கும் வராது, பிள்ளைகளுக்கும் வராது. இதுதான் மார்கனாட்டிக் திருமணம்.

இடைக்கால லத்தீனிலிருந்து வந்த சொல் இது. அதன் வேர் ஜெர்மானியம். 'மார்கன்' என்றால் காலை. அதிலிருந்து வந்த சொல், மணமான மறுநாள் காலை கணவன் மனைவிக்குக் கொடுக்கும் பரிசைக் குறித்தது. அந்தப் பரிசோடு சரி, அதற்கு மேல் அவள் எதையும் கேட்க முடியாது.

சோபி சோட்டெக்கின் வாழ்க்கையைப் படித்தால்தான் இந்தச் சொல்லின் கொடுமை உறைக்கும். இன்றைய செக் நாட்டுப் பகுதியான போஹீமியாவின் பழைய பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனாலும் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குலத்தில் மணம் முடிக்க அது போதவில்லை. அரியணைக்கு அடுத்த வாரிசான ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட், சோபியுடன் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு அரியணை உரிமை இல்லை என்று 1900 ஜூன் 28 அன்று உறுதிமொழி எடுத்த பிறகே, ஜூலை 1 அன்று திருமணம் நடந்தது. பேரரசர் பிரான்ஸ் ஜோசப் வரவில்லை. அப்புறம் அரண்மனை விழாக்களில் சோபி கணவரோடு நடக்க முடியாது. இளவரசிகள் எல்லோருக்கும் பின்னால்தான் அவருக்கு இடம். 1909-இல் ஹோஹென்பர்க் கோமகள் ஆன பிறகும் கணவரின் தகுதி கிடைக்கவில்லை.

1914 ஜூன் 28. உறுதிமொழி எடுத்து சரியாகப் பதினான்கு ஆண்டுகள். போஸ்னியாவின் சரயேவோ நகரில் ஒரே காரில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருந்த இருவரும் சுடப்பட்டு இறந்தார்கள். வியன்னாவில் சோபியின் சவப்பெட்டியைக் கணவருடையதைவிடத் தாழ்வாக வைத்து, மேலே வெள்ளைக் கையுறையும் விசிறியும் வைத்தார்கள். அவர் ஒரு காலத்தில் அரச குடும்பத்துப் பெண்ணுக்குத் தோழியாகப் பணிசெய்தவர் என்பதை அந்த நேரத்திலும் விடவில்லை.

இப்போது தமிழுக்கு வருவோம். 'நிகரில்லாத் திருமணம்' என்றால் ஒப்பற்றது என்று பொருள் தலைகீழாகிவிடும். ஜெர்மானியர் வழக்கைப் பின்பற்றி 'இடக்கை மணம்' என்றால் நமக்கு இடங்கை, வலங்கைச் சாதிப் பிரிவுகள்தான் நினைவுக்கு வரும். 'ஆசைநாயகி' என்று எழுதுவது பெரும் பிழை. சோபி தேவாலயத்தில் மணந்த மனைவி. 'விடியற்பரிசு மணம்' வேரைக் காட்டும், ஆனால் விளக்கம் இல்லாமல் புரியாது. என் தேர்வு 'உரிமை சேரா மணம்'. மணம் உண்டு, உரிமை மட்டும் சேரவில்லை என்பதை இது நேராகச் சொல்கிறது.