மதிய மீட்டிங்கில் அணைந்துபோகும் ரவுட்டர்

திருச்சியில் வீட்டிலிருந்தே கணக்குத் தணிக்கை வேலை பார்க்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். காலையில் ஒழுங்காக ஓடும் இணையம், மதியம் வீடியோ மீட்டிங் நடக்கும் நேரம் பார்த்து இரண்டு மூன்று முறை அறுந்துபோகிறதாம். ரவுட்டரின் விளக்குகள் எல்லாம் ஒருகணம் அணைந்து, பிறகு ஒவ்வொன்றாக எரிகின்றன. புகார் கொடுத்தால் ஆள் வருகிறார், ஃபைபர் இணைப்பைச் சோதிக்கிறார், "லைன் நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போகிறார். "ஓர் இயந்திரம் ஓட வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுப்போக வேண்டும். விட்டு விட்டுக் கெட்டுப்போவது எப்படி?" என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. அதற்குள் போகுமுன் ஒரு சின்ன விசாரணை. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால் (பெரும்பாலும் 192.168.1.1 என்ற முகவரி) அது எவ்வளவு நேரமாகத் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது என்ற கணக்கு ஒரு மூலையில் இருக்கும். இணையம் அறுந்த உடனே அதைப் பாருங்கள். பல நாள் என்று காட்டினால் ரவுட்டர் நிரபராதி. ஃபைபர் கம்பி எங்கோ மடங்கியிருக்கலாம். அப்போது, ஃபைபரில் ஒளி வந்து சேரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரியும். பக்கத்து வீட்டு வைஃபையும் உங்களுடையதும் ஒரே சேனலில் மோதிக்கொள்ளலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருந்தால் மைக்ரோவேவ் அடுப்புகூட இடையில் புகுந்து குழப்பும். இவையெல்லாம் ஏற்கெனவே பலமுறை எழுதப்பட்டவை, விட்டுவிடுகிறேன். வாசகி பார்த்தபோது அந்தக் கணக்கு 'நான்கு நிமிடம்' என்று காட்டியிருக்கிறது. ரவுட்டர் முழுதாக அணைந்து மறுபடி எழுந்திருக்கிறது என்று பொருள். வீட்டில் அந்த நேரத்தில் மின்சாரம் போகவில்லை. ஆகவே, சுவருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் தொங்கும் கறுப்புப் பெட்டியான அடாப்டர்மேல்தான் என் முதல் சந்தேகம்.

அடாப்டர் செய்யும் வேலை வேகமாகச் சொன்னால் இதுதான். 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை நேராக்கினால் உச்சத்தில் சுமார் 325 வோல்ட் கிடைக்கும். ஆனால் அது சீராக வராது. நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும் மேடு பள்ளமாக வரும். அந்த மேடு பள்ளத்தை நிரவிய பிறகு, நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிச் சின்ன மின்மாற்றி ஒன்றுக்குள் அனுப்பி, மறுபக்கம் 12 வோல்ட்டாக எடுத்து, மறுபடியும் நிரவி ரவுட்டருக்குத் தருகிறது. நிரவும் வேலை இரண்டு இடத்திலும் மின்தேக்கிக்கு (கெப்பாசிட்டர்) தான். மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி எப்படியோ அப்படி: மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் சீராக வருகிறது அல்லவா?

நான் சொல்ல விரும்புவது இந்தத் தொட்டியின் உட்புறத்தைப் பற்றி.

அடாப்டரில் இருப்பது மின்பகுளி (எலக்ட்ரோலைட்) மின்தேக்கி என்ற வகை. சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஓர் அலுமினியக் குப்பி. உள்ளே இரண்டு அலுமினியத் தாள்கள், நடுவில் மின்பகுளித் திரவத்தில் ஊறிய காகிதம், மூன்றையும் சேர்த்துப் பாய்போலச் சுருட்டியிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கலாம்: இரண்டு தகடுகள், நடுவில் மின்சாரம் கடத்தாத பொருள், அந்தப் பொருள் எவ்வளவு மெலிதோ அவ்வளவு அதிக மின்னூட்டம் தேங்கும். இங்கே காகிதம்தான் அந்தப் பொருள் என்று நினைக்கத் தோன்றும். அது இல்லை. ஒரு தாளின்மேல் மின்வேதி முறையில் வளர்க்கப்பட்ட அலுமினியம் ஆக்சைடு படலம்தான் அது. இரண்டாவது தகடாக வேலை செய்வது அந்தத் திரவம். இன்னொரு தாள் வெறும் இணைப்புக்காக இருக்கிறது.

படலத்தின் தடிமனைக் கவனியுங்கள். வளர்க்கும்போது கொடுக்கும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் ஏறக்குறைய 1.4 நானோமீட்டர். 16 வோல்ட் தாங்கும் மின்தேக்கியில் 30 நானோமீட்டர் அளவில் இருக்கும். தலைமுடியின் தடிமனில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதன் இருபுறமும் 12 வோல்ட் நிற்கிறது என்றால், மீட்டர் கணக்கில் 40 கோடி வோல்ட். காற்றைப் பிளந்து பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும். அதைவிட நூறு மடங்குக்கு மேலான அழுத்தத்தை இரவும் பகலும் தாங்கிக்கொண்டு உங்கள் அலமாரிக்குப் பின்னால் ஒரு படலம் உட்கார்ந்திருக்கிறது.

இவ்வளவு மெல்லிய படலம் ஓட்டையாகாதா? ஆகும். அங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. படலத்தில் ஓரிடம் பிளந்தால் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் மின்னோட்டம் கசியும். கசியும் மின்னோட்டம் திரவத்தில் இருக்கும் நீரிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து அலுமினியத்தோடு சேர்க்கும். புதிய ஆக்சைடு முளைக்கும், ஓட்டை அடைபடும், அடைபட்டதும் கசிவு தானாக நிற்கும். கசிவே கொத்தனார், வேலை முடிந்ததும் அவரே இடத்தைக் காலிசெய்துவிடுகிறார். யாரும் நிரல் எழுதவில்லை, கண்காணிக்க ஒரு சில்லும் இல்லை. கரோல் போலக் என்ற போலந்துக்காரர் வெண்காரக் கரைசலில் இந்தப் படலம் நிலைத்து நிற்பதைக் கண்டு 1896-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்றும் அடிப்படை அதுதான்.

ஒவ்வொரு பழுதுபார்ப்புக்கும் விலை உண்டு. துளி நீர் செலவாகும். மறுமுனையில் கொஞ்சம் ஹைட்ரஜன் பிறக்கும். அதைவிடப் பெரிய செலவு, குப்பியின் அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பு வழியாகத் திரவம் மெல்ல ஆவியாகி வெளியேறுவது. சூடு கூடக்கூட இது வேகமெடுக்கும். தொழிலில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி, 10 டிகிரி குறைந்தால் இரட்டிப்பு. குப்பியின் மேல் '85 டிகிரி' என்று அச்சிட்டிருக்கும் மலிவான மின்தேக்கிக்கு அந்தச் சூட்டில் 2,000 மணி நேரம் ஆயுள் என்று வைத்துக்கொள்வோம். அடாப்டரின் உள்ளே 45 டிகிரி இருந்தால் 32,000 மணி நேரம், மூன்றரை ஆண்டுக்கு மேல். சித்திரை வெயிலில், துணிமணி நிறைந்த அலமாரிக்குப் பின்னால் உள்ளே 65 டிகிரி ஏறினால் 8,000 மணி நேரம், பதினோரு மாதம். '105 டிகிரி, 5,000 மணி' என்ற தரமான வகை அதே 65 டிகிரியில் ஒன்பது ஆண்டு வரும். இரண்டுக்கும் விலை வித்தியாசம் சில்லறைக் காசு. அந்தச் சில்லறையை மிச்சம்பிடித்து நம் தலையில் கட்டுகிறார்கள் என்பது என் தீராத கோபம்.

திரவத்தின் சேர்மானத்திலேயே கோளாறு இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 2000-களின் தொடக்கத்தில் உலகெங்கும் கணினிகளின் தாய்ப்பலகையில் மின்தேக்கிகள் தலை உப்பி வெடித்தன. டெல் நிறுவனம் மட்டுமே 2005-இல் இதற்காக 30 கோடி டாலர் ஒதுக்கியது. இத்தகைய மின்வேதியியலை ஆராயவென்றே காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1953-இல் ஓர் ஆய்வகம் திறக்கப்பட்டது. ஆனால் 2020-21 கணக்குப்படி நாடு தன் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது 0.64 சதவீதம். ஒரு தனிமனிதர் காட்டிய தாராளத்தை நிதிநிலை அறிக்கைகள் காட்டவில்லை என்று சொல்லி, மேலே போகிறேன்.

திரவம் வற்றினால் இரண்டு கேடு. தொட்டி சிறுத்துப்போகிறது. கூடவே குழாயின் வாயில் உப்புப் படிந்து குறுகுவதுபோல உள்மின்தடை ஏறுகிறது. உள்ளே மின்னூட்டம் இருந்தாலும் கேட்ட வேகத்தில் வெளியே வராது. அந்தத் தடையே சூட்டைக் கிளப்பும், சூடு இன்னும் வற்றவைக்கும்.

இப்போது வாசகியின் கேள்விக்குப் பதில் சொல்லலாம். ரவுட்டர் சும்மா இருக்கும்போது கொஞ்சமாகத்தான் மின்சாரம் எடுக்கும். வீடியோ மீட்டிங், பிள்ளைகளின் கைப்பேசி, தொலைக்காட்சி எல்லாம் ஒன்றாகச் சேரும்போது வைஃபை அலைபரப்பியும் செயலியும் திடீர் திடீரென்று அதிகம் இழுக்கும். நல்ல மின்தேக்கி அந்த இழுப்பை ஈடுகட்டும். வற்றிப்போன மின்தேக்கியால் முடியாது, 12 வோல்ட் ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரம் குழியில் விழுந்து எழும். செயலிக்கு அது போதும், தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும் அல்லது உறைந்துபோகும். தெருவெங்கும் ஏசி ஓடும் மதியத்தில் மின்னழுத்தமும் தாழ்ந்திருக்கும். புதிய அடாப்டர் 100 வோல்ட்டில்கூட வேலை செய்யும். பழையதில் அந்தத் தாழ்வும் சேர்ந்து குழியை ஆழமாக்கும். எனவே பழுது எப்போதும் அங்கேதான் இருக்கிறது, சுமை கூடும்போது மட்டும் வெளியே தெரிகிறது. சோதிக்க வருபவர் மல்ட்டிமீட்டரை வைத்தால் 12.1 வோல்ட் என்று சாதுவாகக் காட்டும். நொடிக்குச் சில முறை மட்டும் அளந்து சராசரி சொல்லும் கருவிக்கு, கண்ணிமைக்கும் முன் முடிந்துபோன குழி எப்படித் தெரியும்? மின்னழுத்தம் ஏறி இறங்குவதைக் கணத்துக்குக் கணம் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும்.

ஆசிலோஸ்கோப் இல்லாத வீட்டில் இன்வெர்ட்டர் உதவும். மின்சாரம் போய் இன்வெர்ட்டர் பிடித்துக்கொள்ளும் இடைவெளி 10 மில்லிநொடியிலிருந்து சில பத்து மில்லிநொடி வரை இருக்கும். அடாப்டரின் 325 வோல்ட் பக்கத்தில் 22 மைக்ரோஃபாரட் கொள்திறன் உள்ள மின்தேக்கி இருந்தால் அதில் ஒரு ஜூலுக்குச் சற்று அதிகமான ஆற்றல் தேங்கியிருக்கும். 12 வாட் இழுக்கும் ரவுட்டரை ஏறக்குறைய 80 மில்லிநொடி தாங்கலாம். இடைவெளி தெரியவே தெரியாது. கொள்திறன் கால்வாசியானால் 20 மில்லிநொடிதான். முன்பெல்லாம் மின்சாரம் போய் வந்தால் அசையாத ரவுட்டர் இப்போது ஒவ்வொரு முறையும் அணைந்து எழுகிறது என்றால், அடாப்டர் வற்றிவிட்டது என்று எழுதிக்கொள்ளலாம்.

ஆயுத பூஜையன்று ரவுட்டருக்கும் பொட்டு வைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். சந்தனத்தைக் குழைத்துக் காற்றுத் துளைகளின்மேல் அப்புவதையும், பின்னல் உறை தைத்து மூடுவதையும் சொல்வேன். 'கதிர்வீச்சைத் தடுக்கும்' என்று விற்கும் ஒட்டிகளைப் பற்றி என்ன சொல்வது! அவை தடுப்பது உங்கள் பணப்பையின் கனத்தை மட்டும்தான்.

செய்ய வேண்டியது: அதே வோல்ட், அதே ஆம்பியர் அல்லது அதைவிட அதிக ஆம்பியர் கொண்ட புதிய அடாப்டரை வாங்குங்கள். முனையின் அளவும் நேர்மின் எந்தப் பக்கம் என்ற படமும் பழையதோடு பொருந்த வேண்டும். ரவுட்டரையும் அடாப்டரையும் அலமாரியிலிருந்து எடுத்து, காற்றோட்டமான சுவரில் மாட்டுங்கள். பழைய அடாப்டரை ஆர்வத்தில் உடைத்துப் பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அந்த 325 வோல்ட் சிறிது நேரம் உள்ளே காத்திருக்கும்.

மாற்றிய பிறகும் ஓட்டக் கணக்கு மறுபடி மறுபடி பூஜ்யத்துக்கு வந்தால், ரவுட்டரின் சொந்தப் பலகையில் உள்ள மின்தேக்கிகளைப் பார்க்க வேண்டும். ரவுட்டர் இணைய நிறுவனத்துடையது என்றால் பிரிக்காமல் மாற்றித் தரச் சொல்லுங்கள். உங்களுடையது என்றால், தலையில் கூட்டல் குறிபோலக் கீறிய குப்பிகளில் எது தட்டையாக இல்லாமல் உப்பியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்து, பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட், 105 டிகிரி வகை போடச் சொல்லுங்கள். பக்கவாட்டில் பட்டை அச்சிட்ட கால் எதிர்மின் பக்கம் போக வேண்டும். மாற்றிப் பற்றவைத்தால் அந்த 30 நானோமீட்டர் படலம் சிதைந்து, உள்ளே வாயு பெருகி, குப்பி வெடிக்கும்.