கடன் சுமையும் செக்யூரிட்டி கிளியரன்ஸும்

"திவால் மனு தாக்கல் செய்தால் என் செக்யூரிட்டி கிளியரன்ஸ் (அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதி) போய்விடுமா?" என்பதே, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒப்பந்த நிறுவனங்களில் பணிபுரிவோர் வழக்கறிஞரான என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி. திவால் என்ற ஒரே காரணத்தால் கிளியரன்ஸ் தானாக ரத்தாவதில்லை. ஆனால் கடன் எப்படி வந்தது, வந்தபின் கடன்பட்டவர் என்ன செய்தார் என்ற இரண்டையும் அரசு துருவிப் பார்க்கும்.

கடனைப் பற்றி அரசு கவலைப்படக் காரணம் உண்டு. சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985-இல் சோவியத் உளவுத்துறைக்கு ரகசியங்களை விற்கத் தொடங்கியபோது கடன் நெருக்கடியில் இருந்தார், 1994-இல்தான் கைதானார்.

கிளியரன்ஸ் தரலாமா என்று தீர்மானிக்க 2017 முதல் நடைமுறையிலுள்ள 13 வழிகாட்டு நெறிகளுள் 'எஃப்' என்பது பண விவகாரங்களுக்கானது. வேலையிழப்பு, எதிர்பாராத மருத்துவச் செலவு, விவாகரத்து என நம் கையை மீறிய காரணங்களால் கடன் நேர்ந்து, அந்நிலையிலும் ஒருவர் பொறுப்புடன் நடந்திருந்தால் அதை அந்நெறி சாதகமாகவே கொள்கிறது. சூதாட்டக் கடனுக்கும், ஆண்டுக்கணக்கில் தாக்கல் செய்யாத வருமான வரிக்கும் அந்தப் பரிவு கிடைப்பது அரிது. கடனைத் தள்ளுபடி செய்யும், அமெரிக்கத் திவால் சட்டத்தின் 7-ஆம் அத்தியாயத் திவால் சட்டபூர்வமானதே என்றாலும், அதை மட்டும் காட்டி கடனை அடைக்கும் நேர்மையான முயற்சி என்று வாதிட முடியாது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் தவணை கட்டும் 13-ஆம் அத்தியாயத்தை முறையாகப் பின்பற்றியவருக்காக வாதிடுவது எனக்கு எளிதாக இருந்திருக்கிறது.

என்னை மிகவும் வருத்திய வழக்கு ஒன்றை, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். மனைவியின் அறுவை சிகிச்சையால் வந்த மருத்துவமனைக் கடன் வசூல் நிறுவனத்துக்குப் போனதை, ஒரு பொறியாளர் வெட்கத்தினால், கிளியரன்ஸுக்காக நிரப்பும் எஸ்.எஃப். 86 படிவத்தில் குறிப்பிடாமல் விட்டார். கடந்த ஏழு ஆண்டுகளில் ஏற்பட்ட திவால், வசூலுக்குப் போன கடன், 120 நாட்களுக்கு மேல் நிலுவையான கடன் ஆகியவற்றை அப்படிவம் நேரடியாகவே கேட்கிறது. கடனுக்கு நல்ல விளக்கம் இருந்தும், மறைத்தது நடத்தை பற்றிய 'இ' நெறியின் கீழ் தனிக் குற்றச்சாட்டானது. தெரிந்தே பொய் எழுதினால் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

முன்போல, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் மறுவிசாரணை வரும்வரை அரசுக்கு எதுவும் தெரியாது என்று இருந்துவிட முடியாது. தொடர் கண்காணிப்பு முறையில் கடன் அறிக்கையின் மாற்றங்கள் அரசுக்கு உடனுக்குடன் எட்டிவிடுகின்றன. ஒப்பந்த நிறுவன ஊழியருக்கு, கிளியரன்ஸை மறுக்க அல்லது ரத்து செய்யக் காரணங்களைக் கூறும் குற்றச்சாட்டு அறிக்கை வந்தால், பதிலளிக்க 20 நாட்களே அவகாசம். கடன் கொடுத்தவர்களுக்கு எழுதிய கடிதங்கள், தவணை ரசீதுகள், கடன் ஆலோசகர் வகுத்த வரவுசெலவுத் திட்டம் ஆகியவற்றை முதல் தவணை தவறும் மாதத்திலேயே சேர்க்கத் தொடங்குங்கள். அறிக்கை வந்தபின் கட்டிய பணத்துக்கு விசாரணையில் அதே மதிப்புக் கிடைப்பதில்லை.